கொடுமணலில் நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள, பழங்கால மணிக்கல் தொழில் ஊரான கொடுமணலுக்கு வழிகாட்டியுடன் நடந்து பார்க்க வருவோரில் பலர், கோபுரமோ கோட்டையோ கண்ணில் படாததால் முதல் கால் மணி நேரத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். பதிற்றுப்பத்து குறிப்பிடும் ‘கொடுமணம்’ இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. ஆயினும் இன்று எஞ்சியிருப்பவை ஒரு மண்மேடும், மானாவாரிக் காடுகளுக்கிடையே கிடக்கும் ஈமக் கல்வட்டங்களுமே.

இதைச் சுரங்க ஊர் என்று எண்ணிக் குழியைத் தேடுவது அடுத்த தவறு. பச்சைக்கல் (பெரில்) கிடைத்தது காங்கேயத்தை அடுத்த படியூரில்; குருந்தக்கல் கிடைத்தது சிவன்மலைப் பக்கம். (ஆங்கிலத்தில் அக்கல்லுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.) கல்லைப் பிளந்து, பட்டை தீட்டித் துளையிட்ட பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் இருந்த ஊர் கொடுமணல். ஆகவே, படியூரைச் சேர்க்காமல் வகுக்கும் நடைப்பயணம் பாதிக் கதையோடு நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தரையில் கிடப்பதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது. முழு மணியைவிட, துளை பாதியில் நின்றுபோன மணியும் நகக்கண் அளவே உள்ள படிகக்கல் சில்லும்தான் இங்கே மதிப்புடையவை. ஏனெனில் மணிகள் வேறெங்கிருந்தோ வந்திறங்கவில்லை, இங்கேயே செய்யப்பட்டன என்பதற்கு அந்தக் கழிவே சாட்சி. எந்த இடத்தில், எதன் அருகில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் அது வெறும் கல். மண்ணுள் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். இரும்பு உருக்கியபின் எஞ்சிய கழிவான சிட்டத்தையும் கிடந்த இடத்திலேயே குனிந்து பார்த்தால் போதும்.

கல்வட்டத்தின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அது ஒருவரைப் புதைத்த இடம்.

இங்குள்ள நிலம் பெரும்பாலும் குடியானவர்களுடையது. “உள்ளே போயிட்டு வரலாமுங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் மறுப்பவர் அரிது. ஆனால் கிளுவை வேலியின் படலைத் திறந்தவர் அதை மறுபடி சாத்தாமல் போனால், கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மேயும் மாடு அடுத்த காட்டுச் சோளத்தில் நிற்கும். பிறகு வரும் குழுவுக்கு அந்தப் படல் திறக்காது.

வழிகாட்டிகள் செய்யும் தவறும் ஒன்று உண்டு: எதைக் கண்டாலும் ரோமாபுரியோடு முடிச்சுப் போடுவது. இந்தியப் பச்சைக்கல்லைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பதும், கொங்கில் ரோமானியக் காசுகள் கிடைத்ததும் உண்மையே. ஆனால் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் வெளிப்பட்ட பானை ஓடுகளில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் கீறப்பட்டிருப்பவை கண்ணன் ஆதன் போன்ற பெயர்கள். அவற்றை விட்டுவிட்டு வாங்கியவனைப் பற்றியே பேசினால், செய்தவன் ஊரில் நடந்ததாக ஆகாது.

வெயில் ஏறுவதற்குள் முடிப்பது நல்லது. சாய்ந்த காலை வெளிச்சத்தில்தான் சில்லுகள் மின்னும். குடிநீரைக் கையோடு கொண்டு வாருங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவைச் சுமந்த நொய்யலை நம்பி வராதீர்கள்.