தலை மழித்தவர் எல்லாம் பிக்கு அல்லர்: கான்டனீஸ் மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொனி பிசகுவதைப் பற்றி எழுதப்போவதில்லை. கேட்கக் கேட்க அது தானே சரியாகும். ஹாங்காங் மடாலயங்களில் தமிழ் யாத்திரிகர்களுக்கு மொழிபெயர்க்க வரும் புதியவர்கள் தவறாமல் விழுகிற குழிகள் வேறு.

'சௌ காய்' என்றாலே துறவு என்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். 'சௌ காய்' என்றால் சீலம் ஏற்பது, அதாவது பௌத்த ஒழுக்க விதிகளைக் காப்பதாக உறுதி எடுப்பது, அவ்வளவே. இல்லறத்தாரும் ஐந்து சீலங்களை ஏற்கலாம். போதிசத்துவ சீலமும் ஏற்கலாம். கறுப்பு அங்கியின்மேல் பழுப்புப் போர்வையுடன் மண்டியிட்டிருக்கும் மூதாட்டிகள் பெரும்பாலும் இவர்களே. சடங்கு முடிந்ததும் பஸ் பிடித்துப் பேரப்பிள்ளைகளிடம் போய்விடுவார்கள்.

புதுப் பிக்குணிகளுக்கு அங்கி தானம் செய்யச் சிங்கப்பூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. 'இன்று சௌ காய்' என்று காதில் விழுந்ததும், உடன் வந்த இளைஞர் அவர்களை நேரே இப்படியொரு வரிசைக்கு அழைத்துப் போய்விட்டார். பொட்டலம் பொட்டலமாக அங்கிகள் கைமாறின. முடியைச் சுருட்டிவிட்டிருந்த ஓர் அம்மையார் தனக்குக் கிடைத்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் என் வீட்டுக்காரருக்கு யார் சமைப்பது?' என்றார். கொடுத்த தானத்தை எப்படித் திருப்பிக் கேட்பது?

துறவின் வரிசை இது: வீடு துறப்பது 'சோட் கா', ஆசான் கையால் முடி களைவது 'தை தோ', இளந்துறவிக்குரிய பத்துச் சீலங்கள், அதன்பின்தான் முழுச் சீலம், பிக்குவுக்கு 250, பிக்குணிக்கு 348. முடி இறங்கிய அன்றே யாரும் பிக்கு ஆகிவிடுவதில்லை. சான் (ஜப்பானில் ஜென் எனப்படும்) மரபின் ஆறாம் குலகுருவான ஹூய்நெங், வாரிசுக்கு அடையாளமாகக் குருவின் அங்கியைப் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்தே குவாங்சௌவின் குவாங்ஸியாவ் கோயிலில் முடி களைந்தார். கோயில் மரபுப்படி அது 676-இல், முதல் மாதம் 15ஆம் நாள். முழுச் சீலம் பெற்றது இரண்டாம் மாதம் 8ஆம் நாள். குலகுருவுக்கே அந்த இடைவெளி இருந்தது. அவருடைய முடியைப் புதைத்த இடத்தில் எழுப்பிய கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது.

'தை தௌ'

'தை தோ' வேறு, இது வேறு. இது நாவிதர் தலை மழிப்பது. மடத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.

'மொட்டை'

'தை தோ'வைத் தமிழில் இப்படிச் சொன்னால் பழனிக்கு வேண்டிக்கொண்டதுபோல் ஒலிக்கும். வேண்டாம்.

'வோ சோங்' என்று முகத்துக்கு நேரே அழைப்பது

அது 'பிக்கு' என்பதற்கான பேச்சுவழக்குச் சொல். துறவி ஆணோ பெண்ணோ, 'சி ஃபூ' (ஆசான்) என்றே அழையுங்கள்.

உச்சந்தலையில் சூட்டுத் தழும்பு தேடுவது

சீலம் ஏற்கும்போது ஊதுபத்தியால் தலையில் சுடும் வழக்கத்தைக் கைவிடும்படி சீன பௌத்த சங்கம் 1983-இலேயே சொல்லிவிட்டது. தழும்பு இல்லாதவரைப் போலி என்று முணுமுணுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம்.

'சி சோ நோய்'களைப் பிக்குணிகள் ஆக்குவது

தென் சீனாவின் ஷுண்டாக் பக்கத்தில் திருமணம் மறுத்த இந்தப் பெண்கள் தலைமுடியைச் சீவிக் கொண்டையாக முடிந்தவர்கள், மழித்தவர்கள் அல்லர். முதுமையில் சிலர் சைவ உணவு மடங்களில் தங்கினார்கள் என்பதற்காக அவர்களுக்குச் சீலம் கொடுத்துவிடாதீர்கள்.