மலை ஏரிக்குப் பாஸ் ராடு எதற்கு? குறைந்த செலவில் தூண்டில் வாங்குவோர் செய்யும் தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தூண்டில் பழக ஆசைப்படுகிறவர் முதலில் பார்ப்பது கைபேசியில் வரும் அமெரிக்க வீடியோக்களைத்தான். படகின் முனையில் ஒருவர் நின்று, வாயகன்ற பாஸ் மீனைத் தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்த கையோடு ஆன்லைனில் தேடினால் பாஸ் ராடு (தூண்டில் கோல்), பாஸ் லூர் (செயற்கை இரை), பாஸ் காம்போ (எல்லாம் சேர்ந்த பெட்டி) என்று வரிசையாக வந்து விழும். மூவாயிரம் ரூபாயை அதில் போட்டுவிட்டு நீலகிரியின் எமரால்டு ஏரிக் கரையில் போய் நின்றால், லூர் காலடியிலேயே விழும், மீன் தொட்டும் பார்க்காது.

பொருளில் பழுது இருக்காது. அது வேறு மீனுக்குச் செய்யப்பட்ட பொருள். பாஸ் வட அமெரிக்க மீன். பாசிக் கொத்துக்குள்ளும் மூழ்கிய மரங்களின் இடுக்கிலும் பதுங்கி, பெரிய இரையை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். அதை இடுக்கிலிருந்து இழுத்து வெளியே எடுக்க முரட்டு ராடும் தடித்த நரம்பும் (தூண்டில் இழை) வேண்டும். நம் மலைகளில் தூண்டில்காரர் தேடுவது ட்ரவுட்டையும் கெண்டையையும். ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் தொடங்கியது 1907-இல். கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. ட்ரவுட்டுக்கு மெல்லிய வாய், கூர்மையான பார்வை. குளிர்ந்த தெளிந்த நீரில் தடித்த நரம்பைக் கண்டாலே விலகிவிடும். கெண்டையோ இரையை உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பிவிடும். இரண்டுக்குமே முரட்டுத்தனம் ஆகாது.

கடைக்குப் போகும் முன்

பொருளை வாங்கிவிட்டு அனுமதி கேட்கப் போவது தலைகீழ் வேலை. நீலகிரியில் பல நீர்நிலைகள் மின்திட்ட அணைகள். சில காப்புக்காட்டுக்குள், சில தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கின்றன. மீன்வளத் துறை அலுவலகத்திலும், காட்டுக்குள் என்றால் வனத்துறையிலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தண்ணீரில் இப்போது தூண்டில் போடலாமா? லூர், புழு, செயற்கை ஈ இவற்றில் எது அனுமதி? எத்தனை மீன், எந்த அளவு வரை எடுத்துச் செல்லலாம்? இரண்டாவது கேள்வியின் பதில்தான் உங்கள் பட்ஜெட்டை முடிவு செய்யும். ஈ மட்டுமே என்று சொல்லிவிட்டால் லூர் எறிய உதவும் ஸ்பின்னிங் ரீலுக்குப் போட்ட காசு வீண்.

ராடில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்குவது

கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நரம்பின் வலிமை, மற்றது எறியக்கூடிய எடை. பாஸ் ராடில் பெரும்பாலும் 10 முதல் 28 கிராம் என்பதுபோல இருக்கும். ட்ரவுட்டுக்கு எறியும் ஸ்பின்னரின் (தகடு சுழலும் சிறு லூர்) எடையோ 3 முதல் 5 கிராம். எறியும்போது லூரின் எடையால் ராடு பின்னால் வளைந்து, நிமிரும் வேகத்தில்தான் லூரைத் தள்ளுகிறது. 3 கிராமுக்கு அந்த ராடு வளையவே வளையாது. எவ்வளவு வேகமாக வீசினாலும் பத்து மீட்டரைத் தாண்டாது, தோள்தான் வலிக்கும். மீன் மாட்டினாலும் விறைத்த ராடு துள்ளலை வாங்கிக்கொள்ளாமல் மெல்லிய உதட்டைக் கிழித்துவிடும்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால் ஆறரை அல்லது ஏழு அடியில், 3 முதல் 15 கிராம் வரை எறியக்கூடிய லைட் அல்லது மீடியம் லைட் வகை போதும். ஓடையில் ட்ரவுட்டுக்கும் ஏரியில் கெண்டைக்கும் அதுவே ஈடுகொடுக்கும். இரண்டு துண்டு ராடாக இருக்கட்டும். மடக்கினால் சுமார் ஒரு மீட்டர்தான் வரும்; பஸ்ஸில் கொண்டுபோகலாம். இரண்டு அங்குல பிவிசி குழாயை அளவுக்கு வெட்டி இரு பக்கமும் மூடி போட்டால் உறை தயார்.

பேனா மாதிரி உள்ளே மடங்கும் டெலஸ்கோபிக் ராடு பார்க்க வசதிதான். ஆனால் மலிவு ரகத்தில் மூட்டுக்குள் மணல் போய் அரைக்கும், நரம்பு ஓடும் வளையங்கள் நேர்கோட்டில் நிற்காமல் திரும்பிக்கொள்ளும், நுனித் துண்டு முதலில் முறியும். ஐம்பது பொருள் அடங்கிய காம்போ பெட்டியில் வருவதும் இதுதான். அந்த ஐம்பதில் நாற்பத்தைந்து பெட்டியைவிட்டு வெளியே வராது.

கடையில் ஒரு சின்ன சோதனை. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே கீறலோ விரிசலோ இருக்கிறது. அந்த வளையம் ஒரே நாளில் உங்கள் நரம்பைச் சுரண்டிவிடும்.

ரீலில் பேரிங் எண்ணுவது

'12+1 பால் பேரிங்' என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். மலிவு ரீலில் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. நல்ல மூன்று பேரிங், சொத்தைப் பன்னிரண்டைவிட மேல். கையில் எடுத்து வேறு விஷயங்களைப் பாருங்கள். கைப்பிடியைப் பின்னால் தள்ளினால் ஆட்டமில்லாமல் உடனே நிற்க வேண்டும். நரம்பைத் தாங்கும் கம்பி வளையம் 'டக்' என்று மடங்க வேண்டும். அதன் மூலையில் இருக்கும் சின்ன உருளை விரலால் தொட்டால் உருள வேண்டும். பலர் கவனிக்காத இடம் இது. உருளாத உருளை நரம்பை முறுக்கும், அறுக்கும். கடைசியாக, மீன் இழுக்கும்போது நரம்பை வழுக்கவிடும் டிராக்கின் குமிழைக் கொஞ்சம் தளர்த்தி நரம்பை இழுங்கள். ஒரே சீராக வர வேண்டும். நின்று நின்று வெட்டி வெட்டி வந்தால் வேண்டாம்.

ரீலின் அளவு எண் 2000 போதும். படகு வீடியோவில் பார்த்த பெய்ட்காஸ்டர் ரீல் பக்கம் போகவே வேண்டாம். கனமான லூரின் இழுப்பில்தான் அதில் நரம்பு சுற்றிய உருளை சீராகச் சுற்றும். 3 கிராமைக் கட்டி எறிந்தால் லூர் நின்ற பிறகும் உருளை சுற்றி, நரம்பு குருவிக்கூடாகிவிடும். அந்தச் சிக்கைப் பிரிக்கவே அரைநாள் போய்விடும்.

உபரி ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை) ஒன்றும் சேர்ந்து வரும் ரீல் கிடைத்தால் நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும். ஒன்றில் ட்ரவுட்டுக்கு 0.20 மி.மீ., மற்றதில் கெண்டைக்கு 0.28 மி.மீ. நரம்பு சுற்றி வைத்துக்கொண்டால் ஒரு ரீல் இரண்டு ரீலாகிவிடும்.

தங்கூஸ் நரம்பில் மிச்சம் பிடிப்பது

பட்ஜெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் கையை வைப்பது இங்கேதான். ராடுக்கும் ரீலுக்கும் மொத்தப் பணமும் போய்விட, 'எந்தத் தங்கூஸானாலும் சரி' என்று கேட்டு வாங்குவார்கள். மீனுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது அந்த நரம்பும் முள்ளும் முடிச்சும் மட்டும்தானே? மூவாயிரத்தில் ரீலுக்கு 1,200, ராடுக்கு 1,000, நரம்புக்கு 350, முள்ளுக்கும் ஸ்விவலுக்கும் (சுழலும் இணைப்பு வளையம்) ஈயக்குண்டுக்கும் 250, நான்கைந்து ஸ்பின்னருக்கு மிச்சம் என்று பிரித்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

மலிவு பிரெய்டு (பின்னல்) நரம்பில் எழுதியிருக்கும் வலிமையை அப்படியே நம்ப வேண்டாம். எழுதியதைவிடத் தடிமனாகவும் இருக்கும். நீட்சியில்லாத பிரெய்டு, மெல்லிய வாய் ட்ரவுட்டுக்கு எதிரிதான். புதிதாகப் பழகுகிறவருக்கு நைலான் மோனோவே (ஒற்றை இழை நரம்பு) தோதானது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு: குளிரில் விறைத்து, ஸ்பூலில் சுற்றிய வடிவத்திலேயே ஸ்பிரிங் மாதிரி நிற்கும். டிசம்பர், ஜனவரி காலையில் ஊட்டியில் இது நன்றாகத் தெரியும். எறியத் தொடங்கும் முன் இருபது மீட்டரை இழுத்து, நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெதுவாக நீட்டிவிட்டால் சுருள் போகும். வெயிலில் கிடக்கும் நைலான் வலிமை இழக்கும். கடை வாசலில் வெயில் படத் தொங்கும் உருண்டையை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சுற்றுவதிலும் கவனம் வேண்டும். ஸ்பூல் விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. கீழே வரை நரம்பு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. வழிந்தால் கொத்தாக இறங்கும். நூறு மீட்டர் மெல்லிய நரம்பு 2000 ஸ்பூலை நிரப்பாது. அடியில் பழைய தங்கூஸைச் சுற்றி, அதன்மேல் புதியதைக் கட்டிச் சுற்றுங்கள். புது நரம்பின் உருண்டையைத் தரையில் படுக்கவைத்து, நரம்பை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்து இருபது சுற்று சுற்றிவிட்டு, பிடியைத் தளர்த்திப் பாருங்கள். நரம்பு முறுக்கிக்கொண்டால் உருண்டையைத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள்.

எறிந்தபின் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடுங்கள். முறுக்கு குறையும். டிராக் வழுக்கி மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றுவது அடுத்த பிழை. ஒவ்வொரு சுற்றும் முறுக்கை ஏற்றுமே தவிர, நரம்பு ஓர் அங்குலம்கூட உள்ளே வராது.

டிராக்கை இறுக்கி வைப்பது

'மீன் ஓடிவிடக் கூடாது' என்று குமிழை முழுக்க இறுக்கி வைத்திருப்பவர்களை எந்தக் கரையிலும் பார்க்கலாம். ஓடவிட்டால்தான் மீன் சோரும். டிராக் வழுக்க வேண்டிய அளவு, நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு. 3 கிலோ நரம்புக்கு முக்கால் கிலோ. தராசு இல்லாவிட்டால் ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, ராடில்லாமல் ரீலை மட்டும் கையில் பிடித்து நரம்பில் தொங்கவிடுங்கள். பாட்டில் மெல்ல இறங்கினால் சரி. வீட்டிலேயே செய்துவிடுவது நல்லது. நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

முள், முடிச்சு, லூர்

முள்ளின் எண் தலைகீழ்: எண் கூடினால் முள் சிறியது. ட்ரவுட்டுக்குப் புழு கோக்க 8 அல்லது 10, கெண்டைக்கு 6 அல்லது 8. பாஸ் பெட்டியில் வரும் 2/0, 3/0 எனும் பெரிய முள்ளெல்லாம் இங்கே கொக்கிக்குத்தான் ஆகும். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுங்கள். வழுக்கினால் மழுங்கியது, பிடித்தால் கூர். மீனைத் திரும்ப விடப்போகிறீர்கள் என்றால் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். விரலில் குத்தினாலும் எளிதாகக் கழன்றுவிடும்.

நரம்பு அறுந்தது என்பதில் பாதிக்கு மேல் முடிச்சு அவிழ்ந்ததாகத்தான் இருக்கும். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் அது அறுந்ததல்ல, உருவியது. முடிச்சு போட, நரம்பை முள்ளின் கண்ணியில் நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, கண்ணிக்கு அருகே உள்ள வளையத்தில் விட்டு, பிறகு உண்டான பெரிய வளையத்திலும் விட்டு இழுங்கள். இறுக்கும் முன் முடிச்சைத் தண்ணீரில் நனையுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் அங்கேயே வலுவிழக்கும். வாலை ஒட்ட வெட்டாமல் 3 மி.மீ. விடுங்கள்.

லூரில் ஏழு அங்குல ரப்பர் புழுவும் தவளையும் வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் எண் ஸ்பின்னர், 5 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவத் தகடு லூர்) போதும். வெள்ளி நிறம் இரண்டு, செம்பு நிறம் இரண்டு. ஸ்பின்னர் நரம்பை முறுக்கும் என்பதால் அரை மீட்டர் மேலே ஒரு சின்ன ஸ்விவல் கட்டுங்கள். தகடு சுழல்கிறதா என்பதை ராடு நுனியின் அதிர்வே சொல்லும். அந்த அதிர்வு நிற்காத அளவுக்கு மெதுவாக இழுங்கள். அவசரமாக இழுத்தால் ஸ்பின்னர் மேலே ஏறிவிடும், மீன் கீழேயே நிற்கும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட் சோர்ந்துவிடும். ஏப்ரல், மே நடுப்பகலில் எந்த லூர் போட்டாலும் பயனில்லை, விடியற்காலையில் போங்கள்.

கெண்டைக்கு லூரே வேண்டாம். தடித்த தக்கையும் பெரிய ஈயக்குண்டும் கட்டுவதுதான் அங்கே நடக்கும் தவறு. உறிஞ்சும்போது எடை தட்டுப்பட்டால் துப்பிவிடும். 2 கிராம் தாங்கும் மெல்லிய தக்கை, அதன் அடியிலேயே ஈயத்தின் பெரும்பகுதி, முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஒரே ஒரு பொடிக் குண்டு என்று அமையுங்கள். ஆழத்தை ஊகிக்காமல், முள்ளில் தற்காலிகமாக ஈயம் கட்டி இறக்கிப் பார்த்து, இரை தரையைத் தொடும்படி தக்கையை நகர்த்துங்கள். இரைக்கு 200 கிராம் மைதா, 50 கிராம் பொடித்த கடலைப் புண்ணாக்கு, ஒரு கரண்டி சர்க்கரை. கொதிநீர் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துச் சேர்த்தால் எறியும்போது கழன்று விழாது. உருண்டை நிலக்கடலைப் பருப்பு அளவு போதும். கிலோ கணக்கில் மாவைத் தண்ணீரில் கொட்டி மீனைக் கூட்ட நினைப்பவர்கள், மீனின் வயிற்றைத்தான் நிரப்புகிறார்கள், ஏரியையும் கெடுக்கிறார்கள்.

கரையில்

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். நீலகிரியின் குந்தா மின்திட்டப் பகுதியில் தலைக்கு மேலே கம்பி போகும் இடங்களில் ராடை நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள். இடி இடித்தால் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். நீர் வற்றிய அணைக்கரையின் சேறு மேலே காய்ந்து, உள்ளே முழங்கால் ஆழம் இழுக்கும். தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சி பக்கம் போவதே தவறு. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மி.மீ.-க்கு மேல் கொட்டியது. மாலையில் காட்டெருமை தண்ணீருக்கு இறங்கும் முன் கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

டிராக் குமிழைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியே வைத்தால் உள்ளே உள்ள வட்டுகள் நசுங்கி அடுத்த முறை வெட்டி வெட்டி இழுக்கும். ரீலைத் தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் துடைத்து, மூலை உருளைக்கும் கைப்பிடிக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். டிராக் வட்டில் எண்ணெய் படக் கூடாது. ராடு மூட்டு இறுகிக்கொண்டால் முறுக்காமல் நேராக இழுங்கள்; அடுத்த முறை பொருத்தும் முன் மெழுகுவத்தியை ஒருமுறை தேய்த்தால் சிக்காது. மலைக் குளிரில் ஈரத்தோடு உறையில் போட்டால் கார்க் கைப்பிடி ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், முள் துருவேறும். உறையிலிருந்து எடுத்து, இரவு முழுக்க வீட்டுக்குள் சாய்த்து வையுங்கள். நரம்பின் முதல் இரண்டு மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் அந்த இடம்வரை வெட்டி, விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். கரையிலேயே வெட்ட நேர்ந்தால் எறியாமல் சட்டைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். நீளமாகக் கிடந்தால் கரையில் மேயும் மாட்டின் காலிலோ பறவையின் காலிலோ சுற்றிக்கொள்ளும்.