எழுதியதைப் பேச வைப்பது எப்படி? கிளிப்சாம்பில் ஒரு அறிவிப்பு தயாரிப்போம்

ஊரில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது, ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அறிவிக்க வேண்டும், பேசிப் பதிவு செய்ய ஆள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்டின் வீடியோ எடிட்டரான கிளிப்சாம்ப் இதற்குப் போதும். பிரவுசரிலேயே வேலை செய்யும், எழுதியதைக் குரலாக்கும் வசதி இலவசக் கணக்கிலேயே உண்டு. ஆனால் அதைத் திறக்கும் முன் வாசகத்தைச் சரி செய்யுங்கள். தமிழில் ஒலி நன்றாக வருவதும் கெடுவதும் அங்கேதான்.

1. யூனிகோடா என்று பாருங்கள்

எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறைதான் யூனிகோடு. அச்சகத்திலிருந்து வாங்கிய நோட்டீஸ் ஃபைல் அப்படி இல்லாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம். நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் குரலும் அதையேதான் உளறும். இணையத்தில் பாமினி–யூனிகோடு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சின்ன நோட்டீஸ் என்றால் போனிலேயே தட்டச்சு செய்துவிடலாம்.

2. காதுக்காக எழுதுங்கள்

நோட்டீஸில் இப்படி இருக்கும்:

"நாள்: 8.2.2026 ஞாயிறு. நேரம்: கா. 9.30 – ம. 1.00. இடம்: அ.மே.நி. பள்ளி."

கண்ணுக்கு இது போதும். குரலோ ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போகும், இல்லாவிட்டால் "ஒன்பது புள்ளி மூன்று பூஜ்யம்" என்று படிக்கும். அதனால் இப்படி மாற்றுங்கள்:

"வருகிற ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி எட்டாம் தேதி, காலை ஒன்பதரை மணி முதல் மதியம் ஒரு மணி வரை, அரசு மேல்நிலைப் பள்ளியில், இலவசக் கண் பரிசோதனை முகாம் நடைபெறுகிறது."

மூச்சு விட வேண்டிய இடத்தில் கமா போடுங்கள். போன் நம்பரை இலக்கமாகக் கொடுத்தால் கோடி, லட்சம் என்று எண்ண ஆரம்பித்துவிடலாம். "ஒன்பது எட்டு நான்கு" என்று எழுத்தால் எழுதி, மூன்று நான்கு எண்களுக்கு ஒரு கமா வையுங்கள். பாபு, காயத்ரி, தனலட்சுமி போன்ற பெயர்களைக் கூர்ந்து கேளுங்கள். பகரமும் ககரமும் தகரமும் வல்லினமாகவா மெலிந்தா ஒலிக்க வேண்டும் என்று நம் எழுத்து சொல்வதில்லை, குரல்தான் ஊகிக்கிறது. "வாங்க, பாத்துட்டுப் போங்க" போன்ற பேச்சுத் தமிழையும் தவிர்த்துவிடலாம். என் காதுக்கு, இந்தக் குரல்கள் எளிய எழுத்துத் தமிழில்தான் தடுமாறாமல் வருகின்றன.

3. குரலாக்குங்கள்

கிளிப்சாம்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்து, புதிய வீடியோ ஒன்றைத் தொடங்குங்கள். இடப்பக்கம் 'ரெக்கார்ட் அண்ட் கிரியேட்', அதற்குள் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்'. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்டின் இந்தியத் தமிழ்க் குரல்கள் பல்லவி, வள்ளுவர். இலங்கைத் தமிழுக்கு சரண்யா, குமார். கேட்கப்போகிறவர்களின் ஊர்ப் பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

வாசகத்தை ஒட்டி 'பிரிவ்யூ' கேட்டு, சரியென்றால் 'சேவ்'. ஒலி, துண்டுகள் வரிசையாக நிற்கும் டைம்லைன் பட்டையில் வந்து உட்காரும்.

முழு அறிவிப்பையும் ஒரே மூச்சில் போடாமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகச் சேமியுங்கள். தேதி மாறினால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும். துண்டுகளுக்கு இடையே கொஞ்சம் இடம் விட்டு நகர்த்தினால் தேவையான இடைவெளியும் கிடைத்துவிடும்.

நீங்கள் ஒட்டும் வாசகம் இணையம் வழியாக சர்வருக்குப் போய்த்தான் குரலாகத் திரும்புகிறது. ஆகவே நோயாளிகளின் பெயர்ப் பட்டியல், ஆதார் எண் போன்றவற்றை இதில் போடவே போடாதீர்கள்.

4. எம்பி3 ஆக்குங்கள்

'எக்ஸ்போர்ட்' கொடுத்து 480பி தேர்ந்தெடுங்கள். படம் எதுவும் சேர்க்காததால் கறுப்புத் திரையோடு ஒரு வீடியோ இறங்கும். அதை விஎல்சி பிளேயரில் 'மீடியா', 'கன்வெர்ட் / சேவ்' வழியாகச் சேர்த்து, 'ஆடியோ – எம்பி3' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபைலுக்குப் பெயர் கொடுத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள்.

ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது தெருவில் வேகமாகத் தோன்றும். பென்டிரைவில் ஏற்றி அந்த ஆட்டோ ஸ்பீக்கரிலேயே ஒருமுறை ஓடவிட்டு, நாலு வீடு தள்ளி நின்று கேளுங்கள். தேதியும் இடமும் பிடிபடவில்லை என்றால், அந்த இரண்டு துண்டுகளை மட்டும் வேகத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள்.