ட்ரெய்லரைக் கையாலேயே திருப்பி ஜீப்பில் மாட்டியது

கானாடுகாத்தானில் எங்கள் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். இரண்டு பேர் படுக்கக்கூடிய என் குட்டி கேரவன் ட்ரெய்லர் நிற்பது பின்வாசலில், ஒரு காலத்தில் மாட்டுவண்டி நின்ற இடத்தில். எடை 500 கிலோதான். ஆனால் முன்பக்கத்தைத் தாங்கும், ஏற்றி இறக்கக்கூடிய சின்ன ஜாக்கி சக்கரம் செம்மண் சரளையில் புதைந்துகொண்டது. இரண்டு பேர் தள்ளியும் முதுகு பிடித்ததுதான் மிச்சம்.

“பொட்டியத் தள்ளுனா எப்புடிப்பா திரும்பும்? ஏர்க்காலப் பிடி” என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. சரி, வண்டி பார்த்த கண்.

ஜாக்கி சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டேன். இடது சக்கரத்துக்கு மட்டும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ட்ரெய்லரின் ஏர்க்காலான இழுவைக் கம்பியின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளினேன். கட்டை போட்ட சக்கரத்தைச் சுற்றி வண்டி அழகாகத் திரும்பியது. கம்பியின் நீளம்தான் நெம்புகோல். நுனியை இடப்பக்கம் தள்ளினால் வால் வலப்பக்கம் போகும். சுவர் ஓரத்தில் இதை மறந்து கொஞ்சம் சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டு, ஜீப்பைப் பின்னால் எடுத்து வந்தேன். இழுவைக் கம்பி நுனியில் இருக்கும் கிண்ணம் போன்ற பூட்டு, அதாவது கப்ளர், ஜீப்பின் பின்னால் உள்ள 50 மி.மீ. இரும்புக் குண்டின் மேல் இறங்கி ‘டக்’கென்றது. அந்தச் சத்தத்தை நம்பாமல் ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றிக் கம்பியைத் தூக்கிப் பார்த்தேன். ஜீப்பின் பின்பக்கம் உயரவில்லை, கப்ளர் மட்டும் கழன்று வந்தது! உள்ளே மண். துடைத்து மறுபடி மாட்டியதும் ஜீப்பும் சேர்ந்து உயர்ந்தது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கம்பிக்கு அடியில் குறுக்காகப் போட்டு, ஜாக்கி சக்கரத்தை மேலே ஏற்றிவிட்டு, கடைசியில்தான் கட்டைகளை எடுத்தேன்.