உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஆவதற்கான வழிமுறை

வகுப்பறைப் படிப்பு, உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் செய்த வேலை, தேர்வு ஆகிய மூன்றையும் முடித்தவருக்கே பெரும்பாலான நாடுகளில் மின்பணி உரிமம் வழங்கப்படுகிறது. இவற்றில் அதிகக் காலம் பிடிப்பது நடுவில் உள்ளது. விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

படி 1: விதிகளைப் படியுங்கள்

பயிற்சியில் சேருவதற்கு முன்பே, நீங்கள் வேலை செய்யப்போகும் பகுதியில் உரிமம் வழங்கும் அமைப்பு எது, அது எந்தச் சான்றிதழ்களை ஏற்கிறது என்று பார்த்துவிடுங்கள். இந்தியாவில் மாநில அளவிலும், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமும், சில இடங்களில் நகரத்துக்கு நகரமும் விதிகள் மாறுகின்றன. தனித்து வேலை செய்வதற்கான உரிமம் வேறு, பிறரை மேற்பார்வையிடவோ ஒப்பந்தம் எடுக்கவோ தேவைப்படும் உரிமம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: அடிப்படைத் தகுதி

பள்ளிப் படிப்பும் ஓரளவு கணிதமும் போதும். மின்கம்பிகளை நிறத்தைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருப்பதால், நிறப்பார்வைச் சோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

படி 3: கோட்பாட்டுப் பயிற்சி

இந்தியாவில் ஐடிஐ எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. பிற நாடுகளிலும் இதையொத்த தொழிற்பயிற்சிகள் உண்டு. எங்கு படித்தாலும் கணக்கைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அடுத்து, அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் வயரையும், அந்த வயரைக் காக்கும் எம்சிபியையும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) தேர்ந்தெடுக்க வேண்டும். எம்சிபி சாதனத்தைக் காப்பதற்கென்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை, வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே. ஒரே குழாய்க்குள் பல வயர்கள் நெருக்கமாகச் செல்லும்போது வெப்பம் வெளியேற வழியில்லாமல் அவற்றின் தாங்குதிறன் குறையும் என்பதால், மெல்லிய வயரில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று பெரிய எம்சிபியை மாட்டுவது ஆபத்தை வரவழைப்பதாகும்.

படி 4: தொழில் பழகுநர் பயிற்சி

இதற்கான காலமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் இது வழக்கமாக 4 ஆண்டுகள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் சுமார் 8000 மணி நேர வேலை அனுபவத்தைக் கேட்கின்றன. தேதி, இடம், செய்த வேலை, மேற்பார்வையாளரின் கையொப்பம், அவருடைய உரிம எண் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேட்டில் எழுதிவாருங்கள். வேலை கொடுத்த நிறுவனம் மூடப்பட்டால், பழைய கையொப்பங்களைத் தேடிப் பெறுவது பெரும்பாடு.

இக்காலத்தில் முதலில் பழக வேண்டியது மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் துண்டிக்கும் முறை. ஸ்விட்சை அணைத்து, அதைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டிய பிறகு, மின்னழுத்தத்தைக் காட்டும் கருவியை மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் சோதிக்க வேண்டும்; பின்பு வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மீண்டும் பழைய இடத்தில் சோதிக்க வேண்டும். இடையில் கருவியே பழுதாகியிருந்தால், “மின்சாரம் இல்லை” என்று அது காட்டுவதை நம்பிக் கைவைத்துவிடுவோம் என்பதால்தான் இந்த மூன்றாவது சோதனை. இதை ஒருமுறைகூடச் சொல்லித்தராத மேற்பார்வையாளரிடம் பழகுவதைவிட வேறு இடம் தேடுவது மேல் என்பது என் கருத்து.

படி 5: தேர்வு

எழுத்துத் தேர்வு பெரும்பாலும் மின்விதிகளைப் பற்றியது. விதிநூலைப் பார்த்து எழுத அனுமதிக்கும் தேர்வுகளில் மனப்பாடத்தைவிட, அட்டவணையை விரைவாகத் தேடியெடுக்கும் பழக்கமே கைகொடுக்கும். செய்முறைத் தேர்வில் சோதனைகளின் வரிசையையும் கவனிப்பார்கள்: எர்த் தொடர்ச்சி (எர்த் வயர் எங்கும் அறுபடாமல் இருப்பது), காப்புத்தடை (வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறன்), துருவநிலை (பேஸ், நியூட்ரல் வயர்கள் இடம் மாறாமல் இருப்பது) ஆகியவற்றைச் சரிபார்த்த பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். 230 வோல்ட் சுற்றில் காப்புத்தடையை மெகர் என்னும் அளவுகருவி கொண்டு 500 வோல்ட் டிசி மின்னழுத்தத்தில் அளக்கும்போது, பன்னாட்டுத் தரவிதிகளின்படி குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அளப்பதற்கு முன் எல்இடி விளக்கு போன்ற மின்னணுச் சாதனங்களைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவை பழுதாகலாம், அளவீடும் தவறாகும்.

படி 6: விண்ணப்பமும் புதுப்பித்தலும்

கல்விச் சான்றிதழ், பதிவேடு, தேர்வு முடிவு ஆகியவற்றை இணைத்து விண்ணப்பியுங்கள். அமெரிக்காவின் மின்விதிநூல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அதனால் அங்குப் பல மாநிலங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தொடர்கல்வி வகுப்புகளுக்கான சான்றையும் கேட்கின்றன. உரிமம் காலாவதியான பின் செய்யும் வேலை, உரிமம் இல்லாதவர் செய்த வேலையாகவே கருதப்படக்கூடும் என்பதால், புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.