கறுப்புக் கட்டத்துக்குக் கீழே எண் அப்படியே இருக்கிறது: பிடிஎஃப் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதார் நகலை யாருக்காவது அனுப்பும் முன் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பது பலருக்கும் வழக்கம். அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + சி அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பல நேரம் மறைத்த எண் முழுதாக வந்து விழும். பிடிஎஃப்பில் எழுத்து ஓர் அடுக்கு, கட்டம் அதன் மேல் இன்னோர் அடுக்கு. மேலே எதை வைத்தாலும் கீழே இருப்பது அழியாது.

மறைக்க வேண்டுமென்றால் 'ரிடாக்ட்' என்ற வசதி உள்ள கருவி வேண்டும். அது எழுத்தையே நீக்கிவிடும். அது இல்லையா? கட்டம் போட்ட பக்கத்தை ஜேபிஜி படமாக மாற்றி, அந்தப் படத்திலிருந்து புது பிடிஎஃப் எடுங்கள். எந்த வழியில் செய்தாலும் அனுப்பும் முன் நோட்பேட் சோதனையை மறுபடி செய்துவிடுங்கள். போனில் ஹைலைட்டர் பேனாவால் அடித்து மறைப்பது வேண்டவே வேண்டாம். அந்த மை பாதி ஒளி ஊடுருவும். படத்தின் பிரைட்னஸைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். ஆதாருக்கு மட்டும் இந்தப் பாடே தேவையில்லை. முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' அதன் தளத்திலேயே கிடைக்கிறது.

அடுத்து, தமிழ் பிடிஎஃப்பை வேர்டாக மாற்றுவது. 'பெயர்' என்பது 'ெபயர்' என்றும், 'கோயில்' என்பது 'ேகாயில்' என்றும் வரும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்கு எழுத்தின் இடப்பக்கம் தெரிந்தாலும், கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு அவற்றை எழுத்துக்குப் பின்னால்தான் வைக்கிறது. மாற்றும் கருவியோ பக்கத்தில் வரைந்திருக்கும் வரிசைப்படி இடமிருந்து வலமாகப் பொறுக்கிக்கொண்டு போகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது என்றால் தமிழே வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். வேறு தளம், வேறு கருவி என்று அலைவதில் பயனில்லை. பக்கங்களை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) படங்களாக மாற்றி கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால், அது எழுத்தைப் படித்துத் தரும். ண-ன, ர-ற இடங்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருக்கும்.

விண்ணப்பத் தளம் 200 கேபி கேட்கிறது என்று சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் தகவலை இழக்கும். முதலில் கலங்குவது முத்திரையும் சிறு எழுத்தும்தான். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 × 3508 புள்ளிகள். 150 டிபிஐயில் 1240 × 1754, அதாவது கால் பங்கு. மூல ஸ்கேனை எடுத்து, முதலில் கிரேஸ்கேல் (நிறமில்லாத சாம்பல் படம்) ஆக்கி, பிறகு 150 டிபிஐக்குக் குறையுங்கள். மூலத்தைத் தொடாமல் தனியே வைத்திருங்கள். வேர்டில் தட்டியதை அச்சிட்டு ஸ்கேன் செய்வது வீண் வேலை. வேர்டிலிருந்தே பிடிஎஃப்பாகச் சேமித்தால் அளவும் குறைவு, எழுத்தும் கூர்மை.

டிஜிட்டல் கையெழுத்து உள்ள இ-ஆதார், சான்றிதழ் போன்றவற்றை மற்ற கோப்புகளோடு இணைக்கவோ சுருக்கவோ கூடாது. கையெழுத்திட்ட பகுதியில் ஒரு பைட் மாறினாலும் கையெழுத்தில் பதிந்திருக்கும் சரிபார்ப்புக் கணக்கு பொருந்தாமல் கையெழுத்து செல்லாமல் போகும். சில கருவிகள் அதைச் சத்தமில்லாமல் கழற்றியே விடும். அவற்றை இறக்கிய வடிவிலேயே தனிக் கோப்பாக அனுப்புங்கள்.

பான் அட்டை, வங்கி அறிக்கை போன்றவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றியதும் அது வேறொருவர் சர்வரில் இருக்கிறது. இணைப்பதற்கும் பிரிப்பதற்கும் பிடிஎஃப்சாம் பேசிக் போன்ற இலவச மென்பொருள் உங்கள் கணினியிலேயே வேலை செய்யும். ஒரு தளம் கோப்பை வெளியே அனுப்பித்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, பக்கம் முழுதும் திறந்தபின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு கோப்பைப் போட்டுப் பாருங்கள். வேலை நின்றால் அது பெரும்பாலும் சர்வரில் நடக்கும் வேலை.