ரப்பர் புழுவைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்: சின்ன ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் வீட்டுப் பக்கத்து ஏரிக்குத் தூண்டிலோடு கிளம்புகிறவர்களில் பலர் தேடிப் போவது லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாயுள்ள நன்னீர் மீனை. அதற்குக் கடையில் முதலில் கைவைப்பது ரப்பர் புழுப் பாக்கெட்டில். ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் ஊரில் நிக் க்ரீம் 1949-ல் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி வார்த்த புழுவின் வாரிசுகள்தான் இவை. விலை குறைவு, பார்க்கவும் சுலபமான சரக்கு. ஆனாலும் பொழுதுக்கும் வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: புழுவைச் சும்மா இருக்க விடுவதில்லை.

இழுக்கும்போது தகடு சுழலும் ஸ்பின்னர் தூண்டில் போட்டுப் பழகிய கை, வீசியதுமே ரீலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். நம்மூரில் விராலுக்கு ரப்பர் தவளை இழுத்தவர்களுக்கும் இதே பழக்கம் இருக்கும். தவளை ஓடினால் விரால் பாயும், சரி. பாஸ் அப்படியில்லை. அது பெரும்பாலும் புழு மூழ்கிக்கொண்டிருக்கும்போதே வாயில் வாங்கிவிடும். சென்கோ என்ற பிராண்டு மாதிரியான குச்சிப் புழுவில் உப்பு கலந்திருப்பதால் ஈயம் கட்டாமலே மெதுவாக இறங்கும். புழுவின் நடுவில் தூண்டில் முள் குத்திக் கட்டும் ‘வாக்கி ரிக்’ முறையில் இரண்டு முனையும் லேசாக நடுங்கிக்கொண்டே போகும். மீனை இழுப்பது அந்த நடுக்கம். நீங்கள் தூண்டில் நரம்பை இறுக்கிப் பிடித்தால் நடுக்கமும் போய்விடும், புழுவும் நேராக இறங்காமல் ஊசல் போல உங்கள் பக்கம் சரிந்து வந்துவிடும். மீன் இருப்பதோ அங்கே, செடி ஓரத்தில்.

ஆகவே புழு தண்ணீரில் விழுந்ததும் நரம்பைத் தளர விடுங்கள். அடியைத் தொட்ட பிறகும் நிதானமாகப் பத்து எண்ணுங்கள். ராடு நுனியை ஒரு முழம் தூக்கி, மறுபடி விழ விடுங்கள். தண்ணீர் சில்லென்று இருக்கும் மாதங்களில் பத்தை இருபதாக்கலாம். இதில் சலிப்புத் தட்டும் என்பது உண்மைதான்.

நரம்பு தளர்ந்திருந்தால் மீன் கொத்துவது எப்படித் தெரியும்? கையில் ‘டக்’ என்று தட்டும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. பல கொத்துகள் கைக்கு வருவதே இல்லை, கண்ணுக்குத்தான் வரும். நரம்பு தண்ணீருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஆறடி ஆழத்தில் வழுக்கிக்கொண்டே இறங்க வேண்டிய நரம்பு இரண்டடியிலேயே நின்றுவிட்டால், புழு ஏற்கெனவே மீன் வாயில். பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தாலும் அதேதான். இதற்காகவே மஞ்சள் பிரெய்டு (பின்னல்) நரம்பின் முனையில் சில அடி ஃப்ளூரோகார்பன் என்ற நிறமில்லாத நரம்பைக் கட்டுகிறார்கள்: மஞ்சள் உங்கள் கண்ணுக்குத் தெரிய, நிறமில்லாத துண்டு மீன் கண்ணுக்குத் தெரியாமலிருக்க. தாமதித்தால் பாஸ் முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிடும். திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

அதற்காகப் பதறிச் சுண்டாதீர்கள். தளர்ந்த நரம்பில் சுண்டினால் முள் நகரவே நகராது. முதலில் தளர்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்த பிறகு சுண்டுங்கள். டெக்சஸ் ரிக் என்ற இன்னொரு முறையில் முள்முனை புழுவுக்குள் புதைந்திருப்பதால் பலமாகவே சுண்ட வேண்டும். வாக்கி ரிக்கில் முள் வெளியே இருக்கிறது, ராடைத் தூக்கிச் சீராகச் சுற்றினாலே ஏறிவிடும்.

டெக்சஸ் ரிக் என்றதும் அதில் புழுவுக்கு முன்னால் கோக்கும் ஈயத்தையும் சொல்ல வேண்டும். அரை அவுன்ஸ் ஈயக் குண்டு, கல்லைப் போட்டது போலக் கீழே போய்விடும், மீனுக்கு யோசிக்கக்கூட நேரம் கிடைக்காது. சின்ன ஏரிக்கு எட்டில் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் மூன்றரை கிராம் தாராளம். காற்றோ அடர்ந்த பாசியோ இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். ஐந்து அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு முள் பொருந்தும். முள்ளில் கோணலாக ஏற்றிய புழு இழுக்கும்போது சுழலும், நரம்பு முழுக்க முறுக்கேறிவிடும். ஏற்றியதும் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கரைக்குப் போனதும் விறுவிறுவென்று விளிம்பு வரை நடந்து, ஏரி நடுவைப் பார்த்து வீசுவது எல்லோரும் செய்வது. சின்ன ஏரியில் பாஸ் பெரும்பாலும் உங்கள் காலடியிலேதான் இருக்கும்: கோரை ஓரம், சாய்ந்த மரம், படகுத்துறையின் நிழல். வசந்தத்தில் தண்ணீர் 15 முதல் 18 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஆண் மீன் கரையோரமே கூடு காக்கும். நாலடி பின்னால் நின்று, கரைக்கு இணையாக முதல் வீச்சைப் போடுங்கள்.

நிறத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். தெளிந்த தண்ணீருக்குப் பச்சைப் பூசணி நிறம், கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும். கடைச் சுவரில் தொங்கும் மற்ற ஐம்பது நிறங்களும் உங்கள் பர்ஸைப் பிடிக்க வைத்த தூண்டில்.

கிழிந்த புழுவைத் தண்ணீரில் வீசாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதை விழுங்கும் மீனுக்குச் செரிக்காது. மிச்சமிருக்கும் நல்ல புழுக்களை அவை வந்த பாக்கெட்டிலேயே வையுங்கள். குறிப்பாக எலாஸ்டெக் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த புழுவைச் சாதாரணப் புழுவோடு ஒரே டப்பாவில் போட்டால், அடுத்த முறை திறக்கும்போது இரண்டும் உருகி ஒரே பிசினாகக் கிடக்கும்.